காற்றுக்கு ஓர் இரும்புச் சீப்பு

பத்து டன் எடையுள்ள ஓர் எஃகுத் துண்டை, அலை ஓயாமல் மோதுகிற கடற்பாறையின் மேல் எப்படிக் கொண்டுபோய் நட்டுவைப்பது? 1976இல் வடக்கு ஸ்பெயினின் சான் செபாஸ்தியான் நகரில் பொறியாளர்கள் முன்னால் நின்ற கேள்வி இது. அதுவும் ஒன்றில்லை, மூன்று துண்டுகள். ஹெலிகாப்டரில் தூக்கிப் போகலாமா என்று யோசித்தார்கள், எடை ஒத்துவரவில்லை. கடல்வழியாக மிதக்கவிட்டுக் கொண்டுபோகலாமென்றால், அந்தக் கடல் ஒரு நிமிடம் சும்மா இருக்கிற கடலில்லை. கடைசியில் கரையிலிருந்து பாறை வரை தற்காலிகப் பாலம் ஒன்று கட்டி, அதன்மேல் தண்டவாளம் போட்டு, மெல்ல மெல்ல நகர்த்திச் சேர்த்தார்கள்.

மூன்றில் இரண்டு, கரையோரப் பாறைகளிலிருந்து ஒன்றையொன்று பார்த்தபடி கிடைமட்டமாக நீண்டிருக்கின்றன. மூன்றாவது கொஞ்சம் தள்ளி, கடலுக்குள் தனித்து நிற்கும் பாறையில், வானம் பார்த்து. சதுர வெட்டுமுகம் கொண்ட கனத்த தண்டு பாறைக்குள்ளிருந்து புறப்பட்டு, கிளைபிரிந்து, ஒவ்வொரு கிளையும் கொல்லனின் குறடுபோல வளைந்து, வாய் மூடாமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. வளைவுக்குள் இருப்பது வெறும் காற்று. ‘காற்றின் சீப்பு’ என்று பெயர். செய்தவர் எடுவார்டோ சில்லிடா. கரைப் பாறைகள் ஒரு காலத்தில் ஒரே படிவமாக இணைந்திருந்தவை, அதனால் அந்த இரண்டும் கடந்த காலத்தைச் சொல்பவை, தொடுவானத்தைப் பார்த்து நிற்கிற மூன்றாவது இனி வரப்போவதைக் கேட்கிற கேள்வி என்பது அவர் தந்த விளக்கம். விளக்கம் தெரியாவிட்டாலும் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து நிற்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அங்கே கூட்டம் சேர்வதற்குச் சிற்பம் மட்டும் காரணமில்லை. கட்டடக் கலைஞர் லூயிஸ் பெஞ்யா கான்செகி பாறைக்கு முன்னால் இளஞ்சிவப்பு கிரானைட் கற்களால் படிப்படியாக ஒரு திறந்தவெளி அமைத்தார். அதன் தரையில் சில துளைகள் உண்டு. அடியில் கடல் புகுந்து நெருக்கும்போது காற்றும் நீரும் துளைகள் வழியே பீறிட்டு மேலே வரும். பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடுவார்கள். 1977இல் வேலை முடிந்தபோது திறப்பு விழா எதுவும் நடக்கவில்லை. சர்வாதிகாரி பிராங்கோ இறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத காலம். ரிப்பன் வெட்ட யாரையும் அழைக்காமலே ஊர் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது.

அரூபச் சிற்பம் என்றாலே ‘ஒன்றும் விளங்கவில்லை’ என்று ஒதுங்குவது எல்லா ஊர் வழக்கமும்தான். சில்லிடாவின் சிற்பங்களிலும் மனித உருவம் கிடையாது, கதை கிடையாது. ஆனாலும் ஸ்பெயினில் சாதாரண ஜனங்களின் அன்றாடத்துக்குள் அவற்றைப்போல நுழைந்த நவீனச் சிற்பங்கள் குறைவு. இதற்கான காரணத்தைத் தத்துவப் புத்தகங்களில் தேடுகிறவர்கள் உண்டு. ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தேடுவதே பொருத்தம்.

சில்லிடா 1924 ஜனவரி 10 அன்று சான் செபாஸ்தியானில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. அம்மா நல்ல பாடகி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பின்னாளில் ‘சீப்பு’ நிற்கப்போகும் அதே பாறைகளில் உட்கார்ந்து அலை பார்த்த பையன். கலை உலகம் அவரைக் கேள்விப்படுவதற்கு வெகுமுன்பே ஊருக்கு அவரை நன்றாகத் தெரியும், ரியல் சொசியதாத் கால்பந்து அணியின் கோல்கீப்பராக. 1942-43 பருவத்தில் 14 ஆட்டங்கள் ஆடினார். வல்லதோலித் நகரில் ஓர் ஆட்டத்தில் முட்டி போனது. ஐந்து அறுவைசிகிச்சைகள் செய்தும் பலனில்லை. பத்தொன்பது வயதில் ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

இதை ஒரு சுவாரசியத் துணுக்காகச் சொல்லிக் கடந்துபோவது எளிது. சில்லிடா அப்படிக் கடக்கவில்லை. கோல்கீப்பருக்கும் சிற்பிக்கும் வேண்டிய அறிவு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று பிற்காலத்தில் பலமுறை சொன்னார். மைதானத்தில் மற்றவர்கள் பெரும்பாலும் தரையில் ஓடுகிறார்கள். கம்பங்களுக்கு நடுவே நிற்பவன் ஒருவன்தான் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் நேரத்தோடு சேர்த்துக் கணக்குப்போட வேண்டியவன். காலியிடத்தைக் காக்கிற வேலை அது. சில்லிடாவின் இரும்புக் கைகள் எதையும் பிடிக்காமல் வெறும் இடத்தைச் சூழ்ந்து நிற்பதைப் பார்க்கும்போது அந்தப் பேச்சை வெறும் அலங்காரம் என்று தள்ளத் தோன்றவில்லை.

மாட்ரிட்டில் கட்டடக் கலை படிக்கச் சேர்ந்து, பாதியில் விட்டு, 1948இல் பாரிஸ் போனார். லூவ்ர் அருங்காட்சியகத்தின் தொன்மையான கிரேக்கச் சிலைகள் அவரை ஆட்கொண்டன. வெள்ளைப் பிளாஸ்டரில் உடல் வடிவங்கள் செய்தார், கவனிக்கவும் பட்டார். ஆனால் கொஞ்ச நாளில் கை ஓடவில்லை. 1950இல் பிலார் பெல்சுன்செயைத் திருமணம் செய்துகொண்டு, அடுத்த ஆண்டே ஊர் திரும்பி, சான் செபாஸ்தியானுக்குப் பக்கத்திலுள்ள எர்னானியில் குடியேறினார். கிரேக்கத்தின் வெள்ளை வெளிச்சம் தனக்கானதில்லை, தன்னுடையது அட்லாண்டிக் கரையின் கறுத்த வெளிச்சம் என்று அந்த முடிவுக்குப் பின்னாளில் காரணம் சொன்னார். மழையும் மேகமும் மூடிய அந்தக் கரையில் பிளாஸ்டரின் வெண்மைக்கு என்ன வேலை?

அங்கே இரும்புக்கு வேலை இருந்தது. சான் செபாஸ்தியானும் எர்னானியும் இருக்கிற பாஸ்க் நாடு பல நூற்றாண்டுகளாக இரும்பு உருக்கிய பூமி. ஆற்றுநீரின் வேகத்தில் சம்மட்டி அடித்த பழைய உலைக்கூடங்கள் அந்தப் பள்ளத்தாக்குகள் முழுக்க இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பில்பாவோ சுரங்கங்களின் தாது இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகப் போனது. எர்னானியில் மனுவேல் இயார்ரமெந்தி என்ற கொல்லரின் பட்டறை இருந்தது. சில்லிடா அங்கே போய்த் தொழில் பழகினார். 1951இல் அங்கிருந்து பிறந்ததுதான் அவருடைய முதல் அரூப இரும்புச் சிற்பமான ‘இலாரிக்’. பாஸ்க் கல்லறைகளில் நடும் கல்லை நினைவூட்டும், உயர்ந்து நிற்கும் சிறிய வடிவம். பாரிஸில் செய்த பிளாஸ்டர் உடல்களுக்கும் இதற்கும் இடையில் சில ஆண்டு இடைவெளிதான் என்பதை நம்புவது கடினம்.

இரும்புச் சிற்பம் அப்போது புதிதில்லை. ஹூலியோ கொன்சாலெஸ் முதல் உலகப்போர்க் காலத்தில் ரெனோ கார் தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்று, பிறகு பிக்காசோவுக்கே அந்த வித்தையில் துணைநின்றவர். அமெரிக்காவில் டேவிட் ஸ்மித், போர்க்காலத்தில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வெல்டராக வேலை பார்த்தவர். இவர்கள் வழி, துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைப்பது. ஒரு தகடு, ஒரு குழாய், ஒரு சக்கரம் என்று எடுத்து, கோணம் மாற்றி வைத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் அறுத்தெடுத்து வேறிடத்தில் ஒட்டலாம்.

சில்லிடா தேர்ந்தெடுத்த உலைவேலை அந்த வசதியைத் தராது. ஆயிரம் டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பை உலையிலிருந்து எடுத்துப் பட்டடையில் வைத்த கணத்திலிருந்து அது ஆறத் தொடங்குகிறது. மஞ்சள் நிறம் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகி, சிவப்பு மங்குவதற்குள் பிளக்க வேண்டியதைப் பிளந்து, வளைக்க வேண்டியதை வளைத்துவிட வேண்டும். மங்கியபின் அடித்தால் வெடிப்பு விழும். மறுபடி உலைக்குள் தள்ளி, துருத்தி ஊதி, காத்திருக்க வேண்டியதுதான். ஒரு முறை பிளந்த பாளத்தைப் பழையபடி ஆக்கவும் முடியாது. இரும்பு சும்மாவும் இருப்பதில்லை. ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் பிதுங்கும். உள்வளைவில் சுருங்கித் தடிக்கும், வெளிவளைவில் நீண்டு மெலியும். சில்லிடாவின் சிற்பங்களை நெருங்கிப் பார்த்தால் இந்தப் பிதுக்கமும் மெலிவும் அப்படியே தெரியும். வளைவு ஒவ்வொன்றும், இரும்பு எங்கே எதிர்த்தது, எங்கே இணங்கியது என்பதன் பதிவு. முன்கூட்டியே மாதிரி செய்து அதைப் பெரிதாக்குவது அவர் வழக்கமில்லை. போகிற போக்கில்தான் வடிவம் அமையும் என்றார். உலைவேலையில் வேறு எப்படி அமையும்?

தேர்ச்சியைப் பற்றி அவருக்கு ஒரு விசித்திரமான சந்தேகம் இருந்தது. மாட்ரிட்டில் படிக்கும்போது உருவம் வரைவது வலதுகைக்கு மிகச் சுலபமாக வந்தது. இது சரியில்லை என்று இடதுகைக்கு மாறிவிட்டார். கை முந்திக்கொண்டு ஓடக்கூடாது, மனசும் புத்தியும் முன்னால் போகட்டும், கை திக்கித் திணறிப் பின்னால் வரட்டும் என்பது கணக்கு. நம் ஊரில் ஒரு கலைஞர் இப்படிச் செய்தால் குருநாதர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கத் தோன்றுகிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் அதையே செய்தார். இரும்பு பழகிப்போனதும் 1950களின் இறுதியில் மரத்துக்குப் போனார். 1965இல் ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் கல்லுக்கு. 1970களில் கான்கிரீட்டுக்கும் சுட்ட களிமண்ணுக்கும். ஒவ்வொன்றிலும் மறுபடி கற்றுக்குட்டி. எஃகை மட்டும் கடைசிவரை விடவில்லை.

புகழ் சீக்கிரமே வந்தது. 1956இல் பாரிஸின் மெக் கலைக்கூடத்தில் கண்காட்சி. அதற்குத் தத்துவ அறிஞர் காஸ்தோன் பாஷ்லார் இரும்பைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதித் தந்தார். 1958இல் வெனிஸ் பியனாலேயின் சிற்பப் பரிசு. 1969இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கரின் ‘கலையும் வெளியும்’ நூலுக்குச் சில்லிடா அச்சுப்படங்கள் செய்தார். இந்தப் பெரிய பெயர்கள் அவருக்கு நன்மையும் செய்தன, கெடுதலும் செய்தன. சில்லிடாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இரும்பைத் தொடாமல் ‘வெளி’, ‘இன்மை’ என்றே பேசிக்கொண்டிருக்கும் பழக்கம் அன்று தொடங்கியது. சிற்பத்தின் எடை எவ்வளவு, எந்த ஆலையில் வடித்தார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை.

அவருடைய ஊரிலேயே வேறொரு விதமான விமர்சனம் இருந்தது. ஹோர்ஹே ஓதெய்சா இன்னொரு பெரிய பாஸ்க் சிற்பி, சில்லிடாவைவிட பதினாறு வயது மூத்தவர். அராந்சாசு மலைத் தேவாலயத்துக்கு இருவரும் வேலை செய்தார்கள். சில்லிடா செய்தது இரும்புக் கதவுகள். ஓதெய்சா செய்தது முகப்பில் நிற்கும் அப்போஸ்தலர்கள். சபை மேலிடம் ஓதெய்சாவின் சிலைகளுக்குத் தடை போட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு அருகில் அவை கிடப்பில் கிடந்தன. 1957இல் சாவ் பாவ்லோவில் சர்வதேசப் பரிசு வாங்கிய ஓதெய்சா, இரண்டே ஆண்டில் சிற்பம் செய்வதையே நிறுத்திக்கொண்டார். சில்லிடா உலகம் சுற்றும் கலைஞரானார். என் யோசனைகளைத் திருடிவிட்டார் என்று ஓதெய்சா பல பத்தாண்டுகள் வெளிப்படையாகத் திட்டித்தீர்த்தார். 1997இல், இருவரும் முதுமையில், கட்டித்தழுவி சமாதானமானார்கள். திருட்டுக் குற்றச்சாட்டு நிற்காது. ஓதெய்சா காலியிடத்தைச் சூத்திரமாக அறிந்தவர். கணக்குப் போட்டுப் பெட்டியைத் திறந்து காட்டுகிறவர். சில்லிடாவின் காலியிடம் அடித்து அடித்து வாங்கியது.

சிற்பங்கள் பெரிதானபோது எர்னானி உலை போதவில்லை. ‘காற்றின் சீப்பு’ லெகஸ்பி ஊரில் பத்ரீசியோ எச்செவெரியா நிறுவனத்தின் உலைக்கூடத்தில் உருவானது. அந்த நிறுவனம் பேர்போனது மண்வெட்டிக்கும் கோடரிக்கும்; ‘பெயோத்தா’ முத்திரை போட்ட அதன் கைக்கருவிகள் ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளின் வயல்கள் எங்கும் போயிருக்கின்றன. உழவனின் கருவி செய்த தொழிலாளிகள், கிரேனில் தொங்கும் பழுத்த பாளத்தை ராட்சத அழுத்தியின் கீழ் வைத்து வளைக்க, கொஞ்சம் இப்படி, இன்னும் கொஞ்சம் என்று பக்கத்தில் நின்று சொன்னார் சில்லிடா. அடிக்கிற கை அவருடையது இல்லை என்றாலும் வேலை அதே வேலை. சிவப்பு மங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

அவர் அதிகம் பயன்படுத்தியது கார்ட்டென் எனப்படும் எஃகு வகை. செம்பு, குரோமியம் போன்றவை சிறிதளவு கலந்திருப்பதால் மேலே படியும் துரு இறுகி, அடியிலுள்ள உலோகத்துக்குக் காப்பாக நிற்கும். பூச்சு தேவையில்லை. ஆனால் அந்தக் காப்பு இறுகுவதற்கு, நனைவதும் காய்வதுமாகச் சுழற்சி வேண்டும். உப்புநீர் ஓயாமல் தெறிக்கிற இடத்தில் அது ஒழுங்காகப் படியாது, பொருக்குப் பொருக்காக உதிரும். கடற்பாறையில் கார்ட்டென் வைப்பது பாடநூல் அறிவுக்கு எதிரானது. கடல் தின்னட்டும் என்பதுபோல வைத்தார்.

ஒரு சிற்பத்துக்குப் பல பிரதிகள் வார்த்து விற்பது உலக வழக்கம். சில்லிடா மறுத்தார், ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். ஒருவருக்கு மட்டும் சொந்தமாயிருப்பது கிட்டத்தட்ட யாருக்கும் சொந்தமில்லாததுபோல என்றொரு கருத்து அவருக்கு இருந்தது. பலருக்குப் போய்ச்சேர வேண்டுமானால் பிரதி எடுப்பதற்குப் பதில் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்றார். பொதுவெளி அவரை எப்போதும் மாலையோடு வரவேற்கவில்லை. மாட்ரிட்டின் காஸ்தெயானா சாலை மேம்பாலத்தின் கீழ் திறந்தவெளிச் சிற்பக்கூடம் அமைந்தபோது அவர் செய்து தந்தது ஆறு டன் கான்கிரீட் சிற்பம். பாலத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்க வேண்டியது. பாலம் தாங்காது என்று நகராட்சி தடுத்தது. தாங்கும் என்று சொன்னவர்கள் அந்தப் பாலத்தைக் கட்டிய பொறியாளர்களே! காரணம் பாரமில்லை, அரசியல் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்போதைய மேயர் அரியாஸ் நவாரோ, பிராங்கோவின் கடைசிப் பிரதமரானவர். சில்லிடாவோ பாஸ்க் அடையாளத்தை ஒளிக்காதவர், பின்னர் அரசியல் கைதிகளின் விடுதலை இயக்கத்துக்குச் சின்னம் வரைந்து கொடுத்தவர். காத்திருந்த சிற்பம், சர்வாதிகாரம் போன பிறகு 1978இல்தான் தொங்கியது.

ஹிஹோன் நகரில் 1990இல், கடலைப் பார்த்த குன்றின்மேல் பத்து மீட்டர் உயரத்துக்கு ‘தொடுவானத்தின் துதி’ என்ற கான்கிரீட் வடிவத்தை எழுப்பினார். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கிங்காங்கின் கழிப்பறை’. இன்று ஹிஹோனின் அஞ்சலட்டையே அதுதான். உள்ளே போய் நின்றால் கடலின் ஓசை வளைவில் பட்டுத் திரும்பிக் காதில் வந்து நிறைகிறது; கேலி செய்தவர்களையும் அது உள்ளே இழுத்திருக்க வேண்டும்.

ஆனால் இடத்தின் பேச்சைக் கேட்டு வேலை செய்த இவரே, ஓரிடத்தில் கேட்கத் தவறினார். கேனரித் தீவுகளில் ஒன்றான புவெர்த்தெவெந்துராவில் திந்தாயா என்றொரு மலை. அதைக் குடைந்து, உள்ளே பக்கத்துக்கு ஐம்பது மீட்டர் கொண்ட கனசதுர வெற்றிடம் ஒன்றைச் செதுக்க வேண்டும், சூரிய ஒளியும் நிலவொளியும் இறங்க மேலிருந்து இரண்டு துளைகள், தொடுவானம் தெரிய ஒரு நுழைவு, எல்லா மனிதர்களுக்குமான சகிப்புத்தன்மையின் சின்னம் அது என்று 1990களில் திட்டம் சொன்னார். கணக்குப் போட்டால் 1,25,000 கன மீட்டர் கல்லை வெளியே எடுக்க வேண்டும். தீவின் ஆதிக்குடிகளுக்கு அது புனித மலை. உச்சிப் பாறைகளில் அவர்கள் செதுக்கிய பாத வடிவங்கள் இருநூற்றுக்கும் மேல் இருக்கின்றன. சூழலியலாளர்களும் தொல்லியலாளர்களும் எதிர்த்தார்கள். கல் வெட்டும் உரிமைக்காக அரசுப் பணம் கைமாறிய விவகாரம் வேறு கிளம்பி நாறியது. சில்லிடா மனம் நொந்தார். அவர் நோக்கத்தில் கள்ளமில்லை என்பதை எதிர்த்தவர்களில் பலரும் மறுக்கவில்லை. ஆனால் அராந்சாசுவிலும் சான் செபாஸ்தியானிலும் அவர் சேர்த்தது, அங்கே ஏற்கெனவே இருந்ததோடு ஒட்டிப் போனது. திந்தாயாவில் ஏற்கெனவே இருந்ததை வெளியே எடுத்துக் கொட்ட வேண்டியிருந்தது. ஒரு காலியிடத்தை வரைபடத்தில் முழுசாக முடிவுசெய்துவிட்டு மலையைத் தேடிய அந்த வேலை, அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்கு நேர்மாறானது. திந்தாயா இன்றுவரை குடையப்படவில்லை.

2002 ஆகஸ்ட் 19 அன்று சில்லிடா காலமானார். கடைசி ஆண்டுகளில் அல்சைமர் நோய் நினைவைக் கலைத்திருந்தது. அதற்கு முன்பே ஒரு காரியத்தை முடித்துவிட்டிருந்தார். எர்னானி அருகே சபலாகா என்ற, பதினாறாம் நூற்றாண்டுப் பண்ணைவீட்டை 1980களில் வாங்கி, உள்சுவர்களையும் தளங்களையும் எடுத்துவிட்டு, மரத்தூண்கள் மட்டும் தெரிய ஒரே கூடமாக்கினார். சுற்றியிருந்த புல்வெளியில் நாற்பது சிற்பங்கள்வரை நிறுத்தினார்கள். அவற்றில் பல இருந்ததே பிலாரால்தான். கணவர் உலையில் நின்றபோது கணக்குவழக்கும் விற்பனையும் பார்த்தவர் அவர். எதை விற்பது, எதை விற்காமல் வைத்துக்கொள்வது என்பதில் அவர் காட்டிய பிடிவாதம் இல்லாவிட்டால் எட்டுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் இத்தனை மிஞ்சியிருக்காது.

‘சில்லிடா லெக்கு’ என்ற அந்த இடம் 2000இல் ஸ்பெயின் மன்னர் முன்னிலையில் திறக்கப்பட்டு, பத்தே ஆண்டில் பண நெருக்கடியால் 2011 தொடக்கத்தில் மூடப்பட்டது. பாஸ்க் அரசோடு குடும்பம் நடத்திய பேச்சுவார்த்தை படியவில்லை. 2019 ஏப்ரலில் கதவு மறுபடி திறந்தபோது கைகொடுத்திருந்தது ஹவுஸர் அண்ட் வெர்த் என்ற பன்னாட்டுத் தனியார் கலைக்கூடம். உலகின் மிகப் பெரிய கலை வணிக நிறுவனங்களில் அது ஒன்று. ஒருவருக்கு மட்டும் சொந்தமாயிருப்பதைப் பற்றிச் சில்லிடா சொன்னதை அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்து வாசித்தவர்கள் ஊரில் பலர். மூடிக் கிடந்த எட்டு ஆண்டில் அரசு என்ன செய்தது என்று அவர்களிடம் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு.